வண்டுக்கு ஒரு வக்காலத்து

2024 நவம்பர் 16, சனிக்கிழமை. திருநெல்வேலியிலிருந்து சென்னை எழும்பூர் போகும் வந்தே பாரத் ரயிலில் காலைப் பலகாரத்தோடு கொடுத்த சாம்பாரில் கறுப்பாகப் பூச்சி கிடந்தது. பயணி ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். வண்டியைவிடப் படம் வேகமாக ஓடியது. விருதுநகர் எம்.பி. மாணிக்கம் தாகூர் ரயில்வே அமைச்சரைப் பொதுவெளியில் கேள்வி கேட்டார். அதிகாரிகள் கூடி விசாரித்தார்கள். பொட்டலம் திண்டுக்கல் ஸ்டேஷனில் சுகாதார ஆய்வாளர் கையில் ஒப்படைக்கப்பட்டது. பிரியாணிக்குப் பேர் வாங்கிய எங்கள் ஊரில் சாம்பாருக்குப் பிரேதப் பரிசோதனை.

தெற்கு ரயில்வே கொடுத்த விளக்கத்தை ஆற அமரப் படிக்க வேண்டும். பூச்சி அலுமினியப் பெட்டியின் மூடியில்தான் ஒட்டிக்கொண்டிருந்ததாம்; சமைத்த உணவில் இல்லையாம். அடடா, எவ்வளவு பெரிய ஆறுதல்! சாம்பார் சுத்தம், மூடிதான் அழுக்கு. இட்லியைச் சாம்பாரில் தொட்டுத் தின்னாமல் மூடியில் தொட்டுத் தின்றவன் மேல்தான் தப்பு.

இந்த விவகாரத்தில் எல்லாருக்கும் ஆள் இருந்தது. பயணிக்காக எம்.பி. பேசினார். ரயில்வேக்காக அறிக்கை பேசியது. ஒப்பந்தக்காரருக்காகப் பணம் பேசும். வண்டுக்குத்தான் நாதியில்லை. திண்டுக்கல் குடிமகன் என்ற முறையில் அதற்காக நான் ஆஜராகிறேன்.

என் கட்சிக்காரர் செய்த குற்றம் என்ன? ரயில்வேயின் வாக்குமூலப்படியே அவர் மூடிமேல் பயணம் செய்திருக்கிறார். கூரைமேல் பயணம் செய்வது ரயில்வே சட்டம் 1989, பிரிவு 156-ன்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம். டிக்கெட் எடுக்காததற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஒப்புக்கொள்கிறோம், கனம் நீதிபதி அவர்களே. ஆனால் அவர் தானாக வந்து ஏறவில்லை. ஏதோ ஒரு சமையல்கூடத்தில், ஏதோ ஒரு பருப்பு மூட்டைப் பக்கத்தில், சொந்தபந்தங்களோடு நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தவரைப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஒற்றை வண்டு எந்த ஊரிலும் குடித்தனம் நடத்துவதில்லை. மிச்சக் குடும்பம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டார்களா?

ஒப்பந்தக்காரருக்கு 50,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். கேட்கும்போது பெரிய தொகைதான். அந்த ரயிலுக்கு அப்போது எட்டுப் பெட்டி, ஐந்நூற்றுச் சொச்சம் இருக்கை. வகுத்துப் பாருங்கள், சீட்டுக்கு நூறு ரூபாய்கூடத் தேறாது. ஒரு நாள் ஒரு நடையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காசு போனது, அவ்வளவுதான். மறுநாள் காலை மறுபடியும் அடுப்பு எரியும். அந்த ஐம்பதாயிரத்தில் பூச்சியைக் கண்டு குமட்டிய பயணிக்குக் காலணா கிடையாது. அபராதம் போய்ச் சேருமிடம் ரயில்வே கணக்கு. சாப்பிட்டவனுக்கு வாந்தி, ரயில்வேக்கு வரவு.

நாட்டில் இதற்கென்று எழுதாத விலைப்பட்டியல் ஒன்று உருவாகியிருக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து ஹைதராபாத் போகும் சார்மினார் எக்ஸ்பிரஸில், செகந்திராபாத் ஸ்டேஷனில், ரயில் கழிவறைக்குள்ளிருந்து டீ கேன்கள் வெளியே வரும் வீடியோவை 2018-ல் நாடே பார்த்தது. அதற்கு ஒரு லட்சம். 2024 ஜனவரியில் இண்டிகோ விமானம் ஒன்று பனிமூட்டத்தால் டெல்லி போகாமல் மும்பையில் இறங்கியது. மணிக்கணக்கில் காத்துக் களைத்த பயணிகள் விமானத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்கு அந்த நிறுவனத்துக்கு 1 கோடியே 20 லட்சம். ஆகவே, தரையில் உட்கார்ந்து சோறு தின்றால் கோடிக்கு மேல். கழிவறை டீ ஒரு லட்சம். சீட்டில் சாய்ந்து வண்டு தின்றால் அரை லட்சம். மும்பையில் நடந்தது பாதுகாப்பு மீறல் என்றார்கள். இருக்கலாம். விமானத்துக்குப் பாதுகாப்புப் பணியகம் இருக்கிறது, வயிற்றுக்கு இல்லை.

புகார் கொடுத்தால் என்ன ஆகும்? மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகமே கணக்குக் கொடுத்திருக்கிறது. 2024-25-ல் உணவின் தரம் பற்றி வந்த புகார்கள் 6,645. அபராதம் போட்டது 1,341-க்கு. எச்சரித்து விட்டது 2,995-ஐ. தக்க அறிவுரை சொன்னது 1,547-க்கு. பாக்கி 762-க்கு வேறு ஏதோ நடவடிக்கை. ஐந்தில் நான்கு பேருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அந்த அறிவுரையைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. "தம்பி, இனிமே பருப்புல கரப்பான் விழாமப் பாத்துக்கப்பா. நாலு பேரு போட்டோ எடுக்கிறான்ல?" இதற்கு ஒரு அலுவலகம், ஒரு கோப்பு, ஒரு முத்திரை. புகாரே கொடுக்காமல் இரண்டு மடக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

திடீரென்று கெட்டுப்போன சமாசாரமா இது? 2017 ஜூலையில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை இருக்கிறது. 74 ஸ்டேஷன்களையும் 80 ரயில்களையும் நேரில் போய்ப் பார்த்து எழுதியது. மனிதர் சாப்பிடத் தகுதியில்லாத உணவு, மறுபடி சூடாக்கிய பழைய உணவு, தேதி முடிந்த பொட்டலம், குழாயில் பிடித்துச் சுத்திகரிக்காத தண்ணீரில் பானம், எலி, கரப்பான், பில் இல்லாத விற்பனை என்று எல்லாம் அதில் உண்டு. கொள்கையை அடிக்கடி மாற்றியதும் சீரழிவுக்குக் காரணம் என்று அது சொன்னது. 2005-ல் சாப்பாடு ரயில்வேயின் கீழுள்ள ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனத்திடம் போனது. 2010-ல் ரயில்வே மண்டலங்களுக்குத் திரும்பியது. 2017-ல் மறுபடியும் ஐ.ஆர்.சி.டி.சி. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் சட்டி யார் கையில் கரி பிடித்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அதுதான் இதில் இருக்கிற வசதி.

சமையல்காரர் கரண்டியைத் தொடுவதற்கு முன்பே சாம்பார் ஏலம் போய்விடுகிறது என்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம். ஒரு ரயிலுக்குச் சாப்பாடு போடும் உரிமைக்கு டெண்டர் விடுகிறார்கள். தகுதிச் சடங்குகள் முடிந்ததும், உரிமக் கட்டணம் அதிகம் தருகிறவருக்கே ரயில். நன்றாகச் சமைப்பவரைத் தேடும் போட்டி இல்லை இது. அதிகம் கட்டுகிறவரைத் தேடும் போட்டி. கட்டியவர் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பார்? சாப்பாட்டின் விலையை அவர் ஏற்ற முடியாது, அதை ரயில்வே வாரியம் கட்டிப்போட்டிருக்கிறது. மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் சைவச் சாப்பாடு 80 ரூபாய், சிக்கன் பிரியாணி 110 ரூபாய் என்று 2019 டிசம்பரில் நிர்ணயித்தார்கள். 2025-லும் அந்தச் சைவச் சாப்பாட்டுக்கு அதே 80 ரூபாயைத்தான் சொன்னார்கள். இடையில் துவரம்பருப்பு என்ன விலை விற்றது, சமையல் எரிவாயு என்ன ஆனது என்பதெல்லாம் திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குகிறவருக்குத் தெரியும். வாரியத்துக்குத் தெரியாது. உரிமக் கட்டணம் மேலே, சாப்பாட்டு விலை கீழே, நடுவில் நசுங்குவது பருப்பு. கழுவும் தண்ணீர், கை உறை, வண்டு போகாமல் மூட்டையை இறுக்கிக் கட்டும் ஆளின் கூலி, எல்லாம் அங்கேதான் மிச்சம் பிடிக்கப்படுகிறது.

அந்த 80 ரூபாயே ஒரு அலங்காரப் பொய். சாதம் 150 கிராம், பருப்பு அல்லது சாம்பார் 150 கிராம், சப்பாத்தி நான்கு, காய் 100 கிராம், தயிர் 80 கிராம், ஊறுகாய் 12 கிராம் என்று அளவு எழுதி வைத்திருக்கிறார்கள். ஊறுகாய்க்குக்கூட எடை குறித்த இந்த நாட்டைப் பார்த்துக் கண்கள் பனிக்கின்றன. வண்டுக்கு மட்டும் எத்தனை மில்லிகிராம் அனுமதி என்று குறிப்பிடாமல் விட்டுவிட்டார்கள். என் கட்சிக்காரர் சார்பில் இதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

"சைவச் சாப்பாடு எவ்வளவு தம்பி?"

"நூத்தி முப்பதுண்ணே."

"எம்பதுன்னு போட்டிருக்கு?"

"அது வேற மீல்ஸுண்ணே. இப்ப இல்ல."

"பில் குடு."

"மிஷின்ல சார்ஜ் இல்லண்ணே."

நீண்ட தூரம் ரயிலில் போகிற எவரும் இந்த வசனத்தைப் பாராமல் ஒப்பிப்பார்கள். பில் இல்லையென்றால் உணவு இலவசம் என்று அறிவித்து ரயிலுக்குள் பலகையெல்லாம் மாட்டினார்கள். பலகை இன்னும் பல பெட்டிகளில் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்றுதான் அந்தத் தம்பி மெஷினில் சார்ஜ் இல்லை என்கிறான். அவனைத் திட்டி என்ன செய்ய? தட்டுக்கு இவ்வளவு என்று கமிஷனுக்கு ஓடுகிற பையன். ராத்திரி பேன்ட்ரிக் கதவோரம் மூட்டையோடு மூட்டையாகப் படுக்கிறவன். நம் கோபமெல்லாம் அவன் சட்டைக் காலரோடு நின்றுவிடுவது மேலே இருப்பவர்களுக்கு ரொம்ப சௌகரியம்.

அபூர்வமாக பில் கிடைத்தாலும் அழத்தான் வேண்டும். 2022 ஜூனில் போபால் சதாப்தியில் ஒரு பயணிக்கு டீ 20 ரூபாய், சேவைக் கட்டணம் 50 ரூபாய், ஆக 70 ரூபாய் என்று ஒழுங்காக பில் கொடுத்தார்கள். டிக்கெட் எடுக்கும்போதே சாப்பாட்டுக்குப் பணம் கட்டாதவர்களுக்கு விதி அப்படித்தான் என்று விளக்கமும் கொடுத்தார்கள். ஊர் சிரித்த பிறகு டீ, காபிக்கு மட்டும் அந்தக் கட்டணத்தை எடுத்தார்கள். தீனிக்கும் சாப்பாட்டுக்கும் அதே ஐம்பது விலைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

இத்தனைக்கும் ஐ.ஆர்.சி.டி.சி. நொடித்துப்போன கம்பெனி இல்லை. 2019-ல் பங்குச் சந்தைக்குப் போன முதல் நாளே, 320 ரூபாய்ப் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் விற்றது. 2023-24-ல் நிகர லாபம் ஆயிரத்து நூறு கோடி ரூபாய்க்கு மேல். நம்ம ஊர் சாம்பாரில் பூச்சி கண்டுபிடித்த நான்காவது மாதம், 2025 மார்ச்சில், அதற்கு நவரத்தினத் தகுதி வழங்கி மத்திய அரசு கௌரவித்தது. பத்தாவது ரத்தினம் அலுமினிய மூடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை யாரும் அரசுக்குச் சொல்லவில்லை போலும். லாபத்தில் பெரும்பங்கு டிக்கெட் விற்பதில்தான் வருகிறது, சாப்பாட்டில் இல்லை என்பார்கள். நிஜம்தான். டிக்கெட்டை விற்பதற்கே வசதிக் கட்டணம் வாங்குகிறவர்கள், அதில் ஒரு கை அள்ளிப் பருப்புக்குப் போட்டால் நவரத்தினம் உதிர்ந்துவிடுமா?

வானத்தில் பறக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். 2018-ல் சென்னை விமான நிலையத்தில் டீ கேட்ட ப. சிதம்பரத்துக்கு வெந்நீரும் ஒரு டீப்பையும் 135 ரூபாய் என்று சொன்னார்கள். நாட்டின் நிதியமைச்சராக இருந்தவரே மிரண்டுபோய் வேண்டாம் என்று வந்துவிட்டார். 2024 ஜூனில் பெங்களூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானத்தில் ஒருவர் வாயில் உலோகத் தகடு அகப்பட்டது. காய்கறி வெட்டும் இயந்திரத்திலிருந்து வந்தது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. வண்டு எவ்வளவோ தேவலை, மென்றால் நொறுங்கும். உயரத்தில் காற்றழுத்தமும் ஈரமும் குறைவதால் உப்பும் இனிப்பும் நாக்கில் மந்தமாகத்தான் படும் என்று லுஃப்தான்சா ஜெர்மனியில் ஆராய்ச்சியே நடத்தியிருக்கிறது. விமானச் சாப்பாட்டுக்கு அந்தச் சாக்காவது உண்டு. திண்டுக்கல் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை. இங்கே சாம்பார் சப்பென்றிருந்தால் அதற்குப் பூகோளம் பொறுப்பாகாது. கூச்சல் போட்டுப் போட்டு விமான நிலையத்தில் ஒரு காரியம் நடந்தது. 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் பத்து ரூபாய்க்கு டீ தரும் உதான் யாத்ரி கடை திறந்தார்கள். பத்து ரூபாய்க்கு டீ விற்பதை ஒரு அரசு திட்டமாக அறிவித்துத் திறந்துவைக்க வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டோம் என்பது தனிக் கதை.

பழைய ரயிலில் சன்னல் திறந்திருந்தது. அதுதான் பயணியின் சுதந்திரம், அதுதான் ஒப்பந்தக்காரருக்குப் போட்டி. கோடை ரோட்டில் வண்டி நின்றால் திராட்சைக் கூடை சன்னலுக்கு வரும், கொய்யா வரும், பருவத்தில் சிறுமலைப் பலாச்சுளை வரும். திண்டுக்கல்லில் சூடாக வடை வரும். மணப்பாறை வருவதற்கு முன்பே முறுக்கு வந்துவிடும். நன்றாக இல்லையென்றால் அடுத்த கூடைக்காரியிடம் வாங்கலாம். "என்னக்கா, நேத்து முறுக்கு நமத்துப் போச்சு" என்று மறுநாள் சண்டையும் போடலாம். முகம் தெரிந்த வியாபாரம். இன்றைக்கு ஏசிப் பெட்டிக்குச் சன்னல் கண்ணாடி திறக்காது. வந்தே பாரத்துக்குக் கதவும் தானே மூடிக்கொள்ளும். புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு எங்கள் ஊர்ப் பூட்டு. ஆனால் இப்படி ஐந்நூறு பேரை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை ஏலத்தில் விடும் வித்தை எங்கள் பட்டறைக்காரர்களுக்குத் தெரியாது. ஸ்டேஷனுக்கு வெளியே நடந்து போகிற தூரத்தில் சீரகச் சம்பா தம்மில் வேகிறது. உள்ளே 110 ரூபாய்ப் பெட்டியில் பிரியாணி என்று பேர் எழுதிய ஒன்று ஆறிக்கிடக்கிறது. இரண்டு நிமிடம் நின்று வண்டி போய்விடுகிறது.

யாருக்குச் சோறு, எந்த இடத்தில் சோறு என்று தீர்மானிக்கும் பழக்கம் ரயில்வேக்குப் புதிதல்ல. 1940-களின் தொடக்கம் வரை தமிழ்நாட்டு ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டறைகளில் பிராமணாளுக்குத் தனி, இதராளுக்குத் தனி என்று பிரித்து வைத்திருந்தார்கள். பெரியாரும் அவர் இயக்கமும் எதிர்த்துக் கத்தித்தான் அது போனது. இன்றைக்குப் பெட்டியின் வகுப்பே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. முன்பதிவில்லாப் பெட்டியில் ஒற்றைக்காலில் நிற்பவனிடம் பேன்ட்ரித் தட்டு வந்து சேர வழியே கிடையாது. அவனுக்காக 2023-ல் 20 ரூபாய்ச் சிக்கனச் சாப்பாட்டைப் பொதுப்பெட்டி நிற்கும் இடத்துக்கு நேரே வைத்தார்கள். நல்ல காரியம், கும்பிடு போடுகிறேன். ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் அம்மா உணவகத்தில் 2013-லிருந்து தின்று பழகிய தமிழ்நாட்டில், மலிவாகவும் சூடாகவும் சோறு போட முடியும் என்று யாருக்கும் நிரூபித்துக் காட்டத் தேவையில்லை. அங்கே சமைக்கிற பெண்கள் உரிமக் கட்டணம் கட்டி அடுப்பை ஏலம் எடுத்தவர்கள் இல்லை.

பிளாட்பாரத்துக் கூடைக்காரி என்ன ஆனாள் என்று கேளுங்கள். அனுமதியில்லாமல் ரயிலிலோ ஸ்டேஷனிலோ விற்பது, அதே 1989 சட்டத்தின் 144-ஆவது பிரிவில் குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ரயில்வே பாதுகாப்புப் படை அவ்வப்போது வேட்டைக்குக் கிளம்பி, இத்தனை பேரைப் பிடித்தோம் என்று கணக்குக் கொடுக்கிறது. சுகாதாரம்தான் காரணமாம். மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தது ஒரு மத்திய அரசு அலுவலகம். அதே முறுக்கை ரயிலில் விற்றால் பிடித்துப்போவது இன்னொரு மத்திய அரசு அலுவலகம். வண்டு போட்டவருக்கு 50,000 ரூபாயோடு முடிந்தது, அவரை யாரும் ஸ்டேஷன் அறையில் உட்காரவைத்து மிரட்டவில்லை, அவர் பாத்திரத்தைப் பறிமுதல் செய்யவில்லை. முறுக்கு விற்ற அக்காவுக்குக் கூடை போகும், ஒரு நாள் பிழைப்பு போகும், கோர்ட்டில் ஆயிரம் இரண்டாயிரம் என்று கட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

கட்டிய பணத்துக்கு மட்டும் அந்த அக்காவுக்குக் கையோடு ரசீது கொடுத்துவிடுகிறார்கள். அந்த மெஷினில் எப்போதும் சார்ஜ் இருக்கும்.